சிவப்புச் சரிவில் உடம்பு பின்னால் சாய்கிறதா? முதலில் பக்கவாட்டில் சறுக்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 51. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். எளிதான நீலச் சரிவுகளில் இரண்டு ஸ்கீக்களையும் (காலில் பூட்டும் சறுக்குப் பலகைகள்) இணையாக வைத்தே இறங்கிவிடுகிறேன். அதைவிடச் செங்குத்தான சிவப்புச் சரிவுக்குப் போனால் எல்லாம் மறந்துபோகிறது. உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது, தொடை எரிகிறது, வேகம் கைமீறுகிறது. இடப்பக்கம் திரும்புவதுகூடப் பரவாயில்லை. வலப்பக்கம் திரும்பும்போது கால்கள் அகன்று, முனைகள் சேர்ந்து வால்கள் விரிந்திருக்கும் பழைய ஸ்னோப்ளோ நிலைக்கே போய்விடுகின்றன. 'முன்னால் சாயுங்கள்' என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். சாய்ந்தாலும் பயன் இல்லை. நானாகச் செய்து பழகக்கூடிய பயிற்சிகள் இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று: போன சீசனில் ஸ்கீ இரண்டு முறை தானாகக் கழன்றது. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கை இறுக்கிக்கொள்ளலாமா?

பதில்:

'சாய்ந்தாலும் பயன் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. பயந்திருக்கும் உடம்பிடம் முன்னால் சாயச் சொன்னால் இடுப்பு வளையும், தலை முன்னால் போகும், பிட்டம் பின்னால் தள்ளும். மொத்த எடை இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ஈரத் தரையில் நடக்கும்போது யாரும் சொல்லாமலே நாம் பின்னால் சாய்வதுபோல, சரிவிலும் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பின்வாங்குகிறது. எந்த நொடியிலும் நின்றுவிட முடியும் என்ற நம்பிக்கை கால்களுக்கு வரும்வரை அது பின்வாங்கிக்கொண்டே இருக்கும். எனவே முதல் வேலை அந்த நம்பிக்கையைக் கால்களுக்குக் கொடுப்பது. நிற்கும் நிலையைத் திருத்துவது அதற்குப் பிறகு.

பின்னால் சாய்ந்தால் என்ன கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கீயைத் திருப்புவதில் பெரும்பங்கு அதன் முன்பாதிக்கு. எடை குதிகாலுக்குப் போனதும் முன்பாதி பனியில் பிடிப்பில்லாமல் மிதக்கிறது, வால் பகுதி ஆழமாகப் பதிகிறது. திரும்ப வேண்டிய ஸ்கீ நேராக ஓடுகிறது, வேகம் ஏறுகிறது, பயம் கூடுகிறது, இன்னும் பின்னால் சாய்கிறோம். தொடை எரிவதும் இதனால்தான். எலும்புகளில் இறங்க வேண்டிய எடையைத் தொடைத் தசைகள் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. இடுப்பு முழங்காலுக்குக் கீழே தாழ்ந்திருக்கும் நிலையில் ஸ்கீயின் வால் உள்விளிம்பில் மாட்டினால் முழங்கால் முறுகும். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோக இது நன்றாகத் தெரிந்த ஒரு காரணம். அதனால் இதைத் திருத்துவது அழகுக்காக மட்டும் இல்லை.

இனி எங்கே பழகுவது என்று பார்ப்போம். ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் நீலச் சரிவு என்றால் பொதுவாக 25 சதவீதச் சாய்வுக்குள், அதாவது சுமார் 14 டிகிரி. சிவப்பு 40 சதவீதம் வரை போகலாம், அது சுமார் 22 டிகிரி. எண்களில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் உங்களைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. நீலத்தில் மறைந்திருந்த குறைகள் சிவப்பில் வெளியே தெரிவது இதனால்தான். 22 டிகிரிச் சரிவில், நாம் பழகிய வழக்கப்படி செங்குத்தாக நின்றால், ஸ்கீயைப் பொறுத்தவரை 22 டிகிரி பின்னால் சாய்ந்துதான் நிற்கிறோம். அதனால் இப்போது சிவப்புக்குப் போக வேண்டாம். நான் சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாவற்றையும், கண்ணை மூடிக்கொண்டுகூட இறங்கிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும் நீலச் சரிவில் செய்யுங்கள். கடினமான பயிற்சிக்குச் சுலபமான சரிவு வேண்டும். சரிவும் கடினம், பயிற்சியும் கடினம் என்றால் உடம்பு எதையும் கற்காது, தப்பிக்க மட்டுமே பார்க்கும்.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றாலும் பக்கவாட்டுச் சறுக்கலைத்தான் சொல்வேன். பலர் இதை முதல் வாரத்தில் தொட்டுவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

சரிவுக்குக் குறுக்கே நில்லுங்கள். ஸ்கீக்கள் இணையாக, இடையில் இடுப்பின் அகலத்துக்கு இடைவெளி. மேட்டுப் பக்கத்து ஸ்கீ அரை அடி முன்னால் இருக்கட்டும். முகமும் மார்பும் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும், எடையில் பெரும்பங்கு பள்ளப் பக்கத்துக் காலில். முழங்கால்களை மேட்டுப் பக்கம் சற்றுச் சாய்த்தால் எஃகு விளிம்புகள் பனியைக் கடிக்கும், அசையாமல் நிற்பீர்கள். இப்போது கணுக்கால்களை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். விளிம்பு படுக்க ஆரம்பிக்கும், ஸ்கீக்கள் பக்கவாட்டில் கீழே சறுக்கும். ஒரு ஆள் உயரம் சறுக்கியதும் மீண்டும் கணுக்கால்களைச் சாய்த்து நிறுத்துங்கள். சறுக்குங்கள், நிறுத்துங்கள். முதலில் சத்தமும் உதறலுமாக நிற்கும். மெல்லப் பிடித்து மெல்ல விடுவது கைவந்தால் சத்தமே இல்லாமல் நிற்கும். கண்டிப்பாக இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

இந்தப் பயிற்சி உங்கள் எடை எங்கே இருக்கிறது என்பதை மறைக்காமல் காட்டிவிடும். நேராகக் கீழே சறுக்க நினைக்கும்போது ஸ்கீயின் முனைகள் முந்திக்கொண்டு கீழே போனால் எடை அதிகமாக முன்னால் இருக்கிறது. வால்கள் கீழே போய் நீங்கள் பின்பக்கமாக நகர ஆரம்பித்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். 'முன்னால் சாயுங்கள்' என்ற அறிவுரையால் உங்களுக்குப் புரியாதது இங்கே பத்து மீட்டரில் புரிந்துவிடும். சரியான இடம் பாதத்தின் நடுவில், பூட்ஸின் முன்நாக்கைக் காலின் முன்னெலும்பு மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை. ஓங்கி அழுத்தத் தேவையில்லை, தொடுகை அறுபடாமல் இருந்தால் போதும்.

இது வசப்பட்டதும் வேண்டுமென்றே எடையை மாற்றுங்கள். கொஞ்சம் முன்னால் கொடுத்தால் குறுக்காக முன்னோக்கிக் கீழே சறுக்குவீர்கள், கொஞ்சம் பின்னால் கொடுத்தால் குறுக்காகப் பின்னோக்கி. உதிரும் இலைபோல முன்னும் பின்னுமாகக் கீழே இறங்கி வரும் இந்தப் பயிற்சிக்கு 'ஃபாலிங் லீஃப்' என்றுதான் பெயர். ஸ்கீக்கள் திரும்பக்கூடாது, சறுக்கும் திசை மட்டும் மாற வேண்டும். பின்னோக்கிப் போகும்போது தோளுக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டுச் சறுக்கலை இயந்திரம் சமன்செய்த, சற்றுக் கெட்டியான பனியில்தான் பழக வேண்டும். மதியத்துக்கு மேல் சொதசொதவென்று ஆகி மேடு மேடாகக் குவிந்த பனியில் பள்ளப் பக்கத்து விளிம்பு மாட்டிக்கொண்டால் தலைகீழாகப் பள்ளத்தில் விழுவீர்கள். காலை நேரமே இதற்கு ஏற்றது.

நான் இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பக்கவாட்டில் சறுக்கத் தெரிந்தவர் செங்குத்தான சரிவிலும் மாட்டிக்கொள்ள மாட்டார். திருப்பம் ஒன்றுகூட எடுக்காமல் அப்படியே கீழே இறங்கிவிடலாம். அது தெரிந்ததும் சிவப்புச் சரிவின் உச்சியில் மனசு அமைதியாகும். உங்கள் பின்சாய்வில் பாதி அப்போதே போய்விடும் என்று நம்புகிறேன்.

அடுத்தது வலப்பக்கத் திருப்பம். வலப்பக்கம் திரும்பும்போது எடையைத் தாங்க வேண்டியது வெளிப்புறக் கால், அதாவது உங்கள் இடக்கால். அந்தக் காலின்மேல் முழுதாக நிற்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் வலக்காலும் எடையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஸ்கீக்கள் விரிவது அதன் விளைவு. எனவே கால்களைச் சேர்த்துவைக்க முயலாதீர்கள். இடக்காலின்மேல் நிற்கப் பழகுங்கள்.

முதலில் திருப்பமே வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே, வலப்பக்கமாகப் போங்கள். அப்போது பள்ளப் பக்கத்தில் இருப்பது இடக்கால். போகும்போதே வலது ஸ்கீயின் வாலை மட்டும் சில அங்குலம் தூக்குங்கள், முனை பனியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். இது முக்கியம். முழு ஸ்கீயையும் தூக்குவது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் முடியும். முனையைப் பனியில் வைத்து வாலை மட்டும் தூக்க, எடை பாதத்தின் நடுவில் இருந்தால்தான் முடியும். குறுக்கே போகும் தூரம் முழுவதும் தூக்கியபடி போக முடிகிறதா என்று பாருங்கள். இடப்பக்கமாகப் போகும்போது வலக்காலில் இதே சோதனையைச் செய்தால் இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

அது வந்ததும் திருப்பத்துக்குள் கொண்டுவாருங்கள். முதலில் திருப்பத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் உள்புற ஸ்கீயின் வாலைத் தூக்குங்கள். பிறகு பாதியிலிருந்து, பிறகு தொடக்கத்திலிருந்தே. தொடக்கத்திலிருந்தே தூக்குவதுதான் கடினம். சரிவு உங்களை இழுக்க ஆரம்பிக்கும் நேரத்தில், இன்னும் மேட்டுப் பக்கத்தில் இருக்கும் ஸ்கீயின்மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும். அவசரப்படாதீர்கள். பலவீனமான பக்கத்தை நாளின் முதல் சுற்றில், கால் புதிதாக இருக்கும்போது செய்யுங்கள். நன்றாக வரும் பக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்து மகிழ்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், ஆனால் அதில் முன்னேற்றம் இல்லை.

இதோடு சேர்த்துச் செய்ய ஒரு எளிய பயிற்சி உண்டு. திருப்பம் முழுவதும் கால் மாற்றிக் கால் மாற்றிச் சின்னச் சின்ன அடிகள் வைத்துக்கொண்டே திரும்புங்கள். குறுக்கே போகும்போதும், நேர் இறக்கத்திலும், முடிவிலும் அடிகள் நிற்கக்கூடாது. எந்த இடத்தில் அடி வைக்க முடியாமல் கால் பனியில் ஒட்டிக்கொள்கிறதோ, அந்த இடத்தில்தான் பின்னால் உட்காருகிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஸ்கீக்கள் நேராகக் கீழே நோக்கும் நொடியாக இருக்கும்.

அந்த நொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகம் கைமீறுகிறது என்கிறீர்கள். பயத்தில் நாம் நேர் இறக்கத்தைச் சீக்கிரம் கடந்துவிட நினைத்து வால்களைச் சடாரென்று வீசுகிறோம். உடனே ஸ்கீக்கள் குறுக்கே வந்துவிடும், உரசி நிற்கும். ஆனால் திருப்பத்தை அங்கேயே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதால் பனியில் விழும் தடம் வளைவாக இருக்காது, கூர்மையான முடக்குகளாக இருக்கும். ஒவ்வொரு முடக்கிலும் பிரேக், இடையில் ஓட்டம். வேகத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி திருப்பத்தை முழுதாக முடிப்பது. வளைந்துகொண்டே போய், முனைகள் சரிவுக்குக் குறுக்கே வந்து, அதற்கும் மேலே கொஞ்சம் மேட்டை நோக்கித் திரும்பும்வரை விடாதீர்கள். எந்த ஸ்கீயும் மேட்டில் வேகம் எடுக்காது. நீங்கள் விரும்பிய வேகம் வந்த பிறகே அடுத்த திருப்பம்.

பழகும் முறை இது. குறுக்கே போய் மேட்டை நோக்கி வளைந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். அடுத்த முறை இன்னும் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் ஆரம்பியுங்கள். கடைசியில் நேர் இறக்கத்திலேயே ஆரம்பித்து வளைந்து நில்லுங்கள். பிரேக் போட்டு அல்ல, வளைவினால் மட்டுமே நிற்க வேண்டும். அப்புறம் முழுத் திருப்பங்களை இணைக்கும்போது, நேர் இறக்கத்துக்குள் நுழைய ஒன்று, அதில் இருக்க இரண்டு, வெளியே வர மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். 'இரண்டு' விழுங்கப்படுகிறதா என்று கவனியுங்கள். லிஃப்டில் மேலே போகும்போது உங்கள் தடத்தைத் தேடிப் பாருங்கள். காலைப் பனியில் அது தெளிவாகத் தெரியும்.

கைகளைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு கோல்களையும் கிடைமட்டமாக முன்னால் பிடித்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். திருப்பத்தில் கோல்கள் சரிவோடு ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் தாழ்ந்தால் உடம்பு மலையோடு ஒட்டிச் சாய்கிறது என்று பொருள். சிவப்பில் கால் வழுக்கிப் போவதற்கு அது பெரிய காரணம். கோல் ஊன்றும் நேரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு நாளில் ஒரு பயிற்சி, மிஞ்சினால் இரண்டு. காலையில் சில சுற்றுகள் பயிற்சிக்கு, பிறகு மனம்போலச் சறுக்குங்கள், நடுவில் ஒரு சுற்று மீண்டும் பயிற்சி. நாள் முழுவதும் பயிற்சியாகச் செய்தால் சலித்துப்போகும். அதே நேரம், இவை தொடக்கநிலையாளருக்கான விஷயங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் நூறாவது உலகக் கோப்பை வெற்றியைப் பெற்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின், சிறுவயதில் போட்டிகளைக் குறைத்துப் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுத்து வளர்ந்தவர். அடிப்படைக்குத் திரும்பத் திரும்பப் போவது இந்த விளையாட்டில் மேல்மட்டத்திலும் உள்ள வழக்கம்.

பனி இல்லாத மாதங்களில் இடக்காலில் மட்டும் நின்று மெல்ல அரைக்குந்தல் எடுங்கள், முழங்கால் உள்பக்கம் சரியாமல். கணுக்கால் வளைவையும் பாருங்கள். குதிகாலைத் தரையில் வைத்தபடி முழங்காலைக் கால்விரல்களுக்கு முன்னால் கொண்டுபோக முடியவில்லை என்றால், எந்தச் சரிவிலும் பின்னால்தான் உட்கார நேரும்.

பூட்ஸையும் சோதித்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல்கள் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மேலே எழக்கூடாது. வசதியாக இருக்கிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியவர்கள் ஏராளம். உள்ளே கால் ஆடினால் நான் சொன்ன எதுவும் ஸ்கீக்குப் போய்ச் சேராது.

சரி, சிவப்புக்கு எப்போது? பக்கவாட்டுச் சறுக்கல் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் வந்து, இடக்காலில் நின்று வலப்பக்கத் திருப்பத்தை முடிக்க முடிந்ததும் போங்கள். கூட்டம் குறைந்த, அகலமான சிவப்பாகத் தேர்ந்தெடுங்கள். முதல் பகுதியைப் பக்கவாட்டில் சறுக்கியே இறங்குங்கள். பிறகு ஒரே திசையில் கொஞ்சம் கீழே திரும்பி, மீண்டும் மேட்டை நோக்கி வளைந்து, அரைத் திருப்பங்களாகக் குறுக்கே போங்கள். அப்புறம் இரண்டு முழுத் திருப்பம் எடுத்து ஓரமாக நில்லுங்கள். மறுபடி இரண்டு. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967 முதல் வைத்திருக்கும் நடத்தை விதிகளின்படி உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. குறுகலான இடத்திலும் பார்வை மறைக்கும் இடத்திலும் நிற்கக்கூடாது, நின்று புறப்படும்போது மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும். அடிக்கடி நின்று பழகும் உங்களுக்கு இந்தக் கடைசி விதி மிக முக்கியம். தொடை எரிய ஆரம்பித்தால் அன்றைக்குச் சிவப்பு போதும், நீலத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசியாகப் பைண்டிங். தயவுசெய்து நீங்களாக இறுக்க வேண்டாம். நண்பர் யார் சொன்னாலும் வேண்டாம். ஸ்கீ கழல வேண்டிய நேரத்தில் கழலாவிட்டால் முறுகுவது முழங்காலும் கால் எலும்பும். பைண்டிங்கின் இறுக்கத்தை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்து ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலைப்படி கணக்கிடுகிறார்கள். அதில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அமைப்பு ஒரு படி தளர்வாக வரும். நீங்கள் 50 ஆவதற்கு முன் அமைத்ததை அப்படியே வைத்திருந்தால் அது இப்போதே தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கலாம். பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் பூட்ஸோடு கொண்டுபோய், கருவியில் சோதித்து அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்கீ கழன்ற இரண்டு முறையும் என்ன நடந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பூட்ஸின் அடியில் பனி ஒட்டியிருந்தாலே பைண்டிங் சரியாகப் பூட்டாது, சாதாரண அதிர்விலும் விட்டுவிடும். பூட்ஸின் அடிப்பகுதி தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் காலை வைப்பதற்கு முன் அடிப்பனியைக் கோல் முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, பூட்டியதும் குதிகாலை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.